ஸ்டார் ஏறும் நாளும் இறங்கும் நாளும்: வேலூர்ப் பக்கத்து வீடுகளுக்கு ஒரு கிறிஸ்மஸ் வழிகாட்டி

வேலூரிலும் அதைச் சுற்றியுள்ள காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களிலும், ஒரு வீட்டில் கிறிஸ்மஸ் தொடங்கிவிட்டது என்பதைத் தெருவுக்குச் சொல்வது வாசலில் ஏறும் ஸ்டார்தான். அது ஏறும் நாளைப் பற்றி எல்லா வீடுகளிலும் பேச்சு நடக்கிறது. பிள்ளைகள் நவம்பர் பாதியிலேயே கேட்கத் தொடங்குகிறார்கள். பெரியவர்கள் மழை விடட்டும் என்கிறார்கள். பக்கத்து வீட்டில் ஏறிவிட்டால் மறுநாளே இந்த வீட்டிலும் ஏறிவிடுகிறது. அது இறங்கும் நாளைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. சில வீடுகளில் டிசம்பர் 26 அன்று, பண்டிகை அலுப்போடு அலுப்பாக, ஸ்டாரைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிடுகிறார்கள். வேறு சில வீடுகளில் அது பொங்கல் கழிந்தும், சில வேளைகளில் ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான லெந்து வரையிலும், வெயிலில் வெளுத்து ஒரு முனை கிழிந்து தொங்கிக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டு நாட்களையும் வீட்டார் ஒன்றாக உட்கார்ந்து முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டும் என்பதும், எப்படிக் குறிக்கலாம் என்பதுமே இங்கே சொல்ல வருவது.

இதை ஒரே விதியாகச் சொல்லிவிட முடியாததற்கு இந்த மண்ணின் வரலாறு ஒரு காரணம். 1853-இல் அமெரிக்கச் சீர்திருத்தச் சபையின் சார்பில் ஸ்கடர் குடும்பத்தார் தொடங்கிய ஆற்காடு மிஷனின் வழிவந்த சபைகள் இன்று சி.எஸ்.ஐ. எனப்படும் தென்னிந்தியத் திருச்சபைக்குள் இருக்கின்றன. அத்திருச்சபையின் வேலூர்ப் பேராயம் 1976-இல் அமைந்தது. கத்தோலிக்கர்களுக்கு 1952 முதல் வேலூர் மறைமாவட்டம் இருக்கிறது. ஆம்பூர்ப் பக்கம் லுத்தரன் சபையார் நிறைந்திருக்கிறார்கள். மருத்துவக் கல்லூரியில் பணிபுரிய வந்து இங்கேயே தங்கிவிட்ட கேரளக் குடும்பங்களும் உண்டு. ஒரே தெருவில் மூன்று திருச்சபை நாட்காட்டிகள் தொங்குவது எங்களுக்குப் புதிதல்ல. கலப்பு மணங்களால் ஒரே வீட்டிலேயே இரண்டு தொங்குவதும் உண்டு. என் தாய்வீட்டார் சி.எஸ்.ஐ.; என் மனைவி சேத்துப்பட்டுப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவர். கீழே வருவதில் பெரும்பகுதி எங்கள் வீட்டில் பல ஆண்டுகள் பேசிப் பேசித் தெளிந்தது.

தொடக்க நாளைக் கண்டுபிடிப்பது

திருச்சபை ஆண்டு தொடங்கும் ஞாயிறே கிறிஸ்மஸ் ஆயத்தமும் தொடங்கும் ஞாயிறு. அதைக் கத்தோலிக்கர்கள் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு என்றும், சி.எஸ்.ஐ., லுத்தரன் சபையார் ஆகமன காலத்தின் முதல் ஞாயிறு என்றும் சொல்வார்கள். பெயர் வேறானாலும் நாள் ஒன்றே. நாட்காட்டி கையில் இல்லாவிட்டாலும் அதைக் கணக்கிடலாம். டிசம்பர் 25-க்கு முன்னால் வரும் ஞாயிறுகளைப் பின்னோக்கி நான்கு எண்ணுங்கள். டிசம்பர் 25-ஏ ஞாயிறாக இருந்தால் அதைச் சேர்க்கக் கூடாது. நான்காவதாக வரும் ஞாயிறு எப்போதும் நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில்தான் விழும். 2026-இல் அது நவம்பர் 29. 2027-இல் நவம்பர் 28. 2028-இல் டிசம்பர் 3. இதனால் ஆயத்த காலம் சில ஆண்டுகளில் 28 நாட்களும் சில ஆண்டுகளில் 22 நாட்களுமாக இருக்கும். 2028-இல் நான்காவது ஞாயிறே கிறிஸ்மஸுக்கு முந்தின நாளாகவும் வந்துவிடுகிறது. அந்த ஆண்டில் ஒரு வாரம் கையை விட்டுப் போகும் என்பதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்த நான்கு வாரங்கள் கிறிஸ்மஸ் அல்ல, அதற்கான காத்திருப்பு என்பதைக் கோயிலில் பீடத்துணியின் ஊதா நிறமே சொல்கிறது. வீட்டில் அதைச் சொல்ல எளிய வழி நான்கு மெழுகுவர்த்திகள் கொண்ட வளையம். ஹம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளைப் பராமரித்த யோகான் ஹின்ரிஷ் விச்செர்ன் என்ற லுத்தரன் போதகர், கிறிஸ்மஸ் எப்போது வரும் என்று நாள்தோறும் கேட்ட பிள்ளைகளுக்காக 1839-இல் ஒரு சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை வைத்ததிலிருந்து இது வளர்ந்தது. இன்று கத்தோலிக்கக் கோயில்களில் மூன்று ஊதா வர்த்திகளும், மூன்றாம் ஞாயிறான மகிழ்ச்சி ஞாயிற்றுக்கு ஒரு ரோஜா நிற வர்த்தியும் வைக்கிறார்கள். வீட்டுக்கு நான்கு வெள்ளை வர்த்திகளும் ஒரு பித்தளைத் தாம்பாளமும் சுற்றிவரச் சில வேப்பிலைக் கொத்துகளும் போதும். ஞாயிறுதோறும் மாலை ஜெபத்தில் ஒரு வர்த்தி கூடுதலாக ஏற்றப்படும்போது, இன்னும் எத்தனை வாரம் என்பதைக் குழந்தைகளே எண்ணிக்கொள்கிறார்கள். நச்சரிப்பு பாதியாகக் குறைகிறது.

கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவ வீடுகளில் டிசம்பர் 1 முதல் இருபத்தைந்து நோன்பு இருப்பார்கள். இறைச்சியும் மீனும் இல்லை. அப்படிப்பட்ட அண்டை வீட்டாருக்கு நாம் டிசம்பர் நடுவில் பிரியாணி கொடுத்தனுப்பினால் அவர்கள் மறுக்கவும் முடியாமல் உண்ணவும் முடியாமல் தவிப்பார்கள். 25-க்குப் பிறகு அனுப்புங்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் சில கிறிஸ்மஸைக் கொண்டாடுவதே இல்லை. அந்தச் சபைக்குப் போகும் அண்ணனோ நாத்தனாரோ குடும்பத்தில் இருந்தால், அவர்களை ஸ்டார் ஏற்றும் மாலைக்கு வற்புறுத்தி அழைக்காமல், பிறகு ஒரு நாள் சாப்பாட்டுக்கு அழைப்பதே உறவுக்கு நல்லது.

ஸ்டாரை எப்போது ஏற்றுவது

இங்கே மூன்று வழக்கங்கள் உண்டு. முதல் ஆகமன ஞாயிறு மாலையில் ஏற்றுவது ஒன்று. டிசம்பர் 1 என்று நாள் குறித்து ஏற்றுவது மற்றொன்று. தெருவுக்குக் கேரல்ஸ் வரும் நாளுக்கு முந்தின நாள் ஏற்றுவது மூன்றாவது. மூன்றாவது வழக்கத்தைச் சோம்பல் என்று ஒதுக்க வேண்டாம். சபை வாலிபர்கள் எந்தத் தெருவுக்கு எந்த இரவில் வருவார்கள் என்று ஆலயத்தில் அறிவிக்கப்படும். இருட்டில் வேனில் வருகிறவர்களுக்கு வீட்டை அடையாளம் காட்டுவது ஸ்டார்தான். கிதாரும் டிரம்மும் கிறிஸ்மஸ் தாத்தாவுமாக இருபது பேர் வாசலில் நிற்கையில், உள்ளே விளக்கணைத்துத் தூங்கிக்கொண்டிருக்கும் வீட்டின் சங்கடம் பெரியது. ஆகவே எந்த வழக்கத்தைப் பின்பற்றினாலும், கேரல்ஸ் அறிவிப்பைக் கேட்டவுடன் அந்தத் தேதியைச் சமையலறை நாட்காட்டியில் வட்டமிட்டுவிடுங்கள். அதுவே உங்கள் வீட்டின் கடைசிக் கெடு.

முதல் ஆகமன ஞாயிறே சரியான நாள் என்பது என் கருத்து. அன்று ஸ்டாரை மட்டும் ஏற்றுங்கள். குடில், மரம், சீரியல் லைட் எதையும் எடுக்காதீர்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்துவிட்ட வீட்டில் டிசம்பர் 20-ஆம் தேதிக்குள் கண்கள் பழகிப்போய், பண்டிகை நாளுக்கென்று புதிதாக ஒன்றும் மிஞ்சாது. வாரத்துக்கு ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் வீடு தானாகவே 24-ஆம் தேதி இரவை நோக்கி நடக்கிறது.

வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் பெய்யும். வங்கக் கடலில் புயல் சின்னம் உருவானால் வேலூரிலும் இரண்டு மூன்று நாள் விடாமல் தூறும். எனவே காகித ஸ்டாராக இருந்தால் தாழ்வாரத்துக்குள்ளோ சன்ஷேடுக்குக் கீழோ கட்டுங்கள். என் தந்தை மூங்கிலைப் பிளந்து சிம்பு சீவி, ஐந்து முனைகளையும் சணலால் இறுக்கிக் கட்டி, நடுவில் இரு பக்கமும் உப்பியிருக்கும்படி நான்கு குச்சிகளை முட்டுக் கொடுத்து, அதன்மேல் மைதாப் பசையால் கலர்ப் பேப்பரை ஒட்டுவார். பசையில் துளி மயில்துத்தம் கலந்தால்தான் கரப்பான் அரிக்காது என்பார். அது நஞ்சு என்பதால் பிள்ளைகளைக் கிட்டே விடமாட்டார். ஒரு பக்கம் மட்டும் ஒட்டாமல் மடித்து விடுவார், பல்பு போய்விட்டால் கையை விட்டு மாற்ற. அந்த ஸ்டாருக்குள் 40 வாட் பல்பு எரியும். நாளுக்கு ஐந்து மணி நேரம், நாற்பது நாள் எரிந்தால் எட்டு யூனிட் ஆகும். இன்று 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு இரண்டு யூனிட் கூட ஆகாது. மின்செலவைக் காரணம் காட்டி முன்னதாக இறக்க வேண்டிய தேவை இப்போது இல்லை. வெளிவாசலுக்கு வயர் இழுக்கும்போது நடுவில் இணைப்பு வராமல் ஒரே நீளமாக இழுங்கள். இணைப்பு தவிர்க்க முடியாததென்றால் இன்சுலேஷன் டேப் சுற்றி, மழை படாத உயரத்தில் வையுங்கள். இரும்புக் கிரில்லில் வயரைச் சுற்றிக் கட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

டிசம்பர் வேலைகளைப் பின்னோக்கி எண்ணுவது

வெள்ளையடிக்க வேண்டுமானால் மழைவிட்ட நாட்களைப் பார்த்து நவம்பரிலேயே முடியுங்கள். ஈரச் சுவரில் அடித்த சுண்ணாம்பு கிறிஸ்மஸுக்குள் உரிந்துவிடும். துணியை டிசம்பர் முதல் வாரத்துக்குள் தைக்கக் கொடுத்து, 20-ஆம் தேதிக்கே வேண்டும் என்று சொல்லுங்கள். ஒரு வருஷம் நாங்கள் 24-ஆம் தேதி இரவு பதினொரு மணி வரை தையற்கடை வாசலில் நின்று, என் மகளின் பாவாடையைப் பித்தான் இல்லாமல் வாங்கி வந்தோம். ஆராதனை முழுதும் அவள் ஊக்கைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். கேக்கைப் பேக்கரியில் சொல்லி வைப்பதானால் 15-ஆம் தேதிக்குள் சொல்லுங்கள். வீட்டிலேயே செய்கிறவர்கள் உலர் திராட்சை, பேரீச்சை, செர்ரியை மதுவில் ஊறவைப்பதில்லை என்றால், ஆரஞ்சுச் சாற்றிலோ கருப்புத் திராட்சைச் சாற்றிலோ ஊறவைத்துக் குளிர்பெட்டியில் மூன்று நான்கு நாட்கள் வைத்தால் போதும். அதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்கினால் புளித்துவிடும். முறுக்கும் கல்கலும் பத்து நாள் தாங்கும், ஆகையால் 18-ஆம் தேதி வாக்கில் சுடலாம். அதிரச மாவைப் பாகு ஊற்றிப் பிசைந்து இரண்டு மூன்று நாள் வைத்த பிறகே தட்ட வேண்டும் என்பதால், 20-ஆம் தேதி பாகு காய்ச்சினால் 23-ஆம் தேதி சுடுவதற்குச் சரியாக இருக்கும்.

குடிலுக்கான கேழ்வரகுப் பயிரைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இந்த வட ஆற்காட்டு மண்ணின் தானியம் குழந்தை இயேசுவின் காலடியில் பச்சையாக நிற்பதைப் போல வேறெந்தக் கடைச் சோடனையும் என் கண்ணுக்கு நிறைவதில்லை. டிசம்பர் 12 அல்லது 13 இரவு ஒரு கைப்பிடிக் கேழ்வரகை நீரில் ஊறவையுங்கள். மாவுக்கென்று பாக்கெட்டில் வருவதைவிட விதைக்கு வைத்திருப்பவர்களிடம் வாங்கியது நன்றாக முளைக்கும். மறுநாள், கரிகிரியில் செய்யும் அகலமான மண்தட்டு கிடைத்தால் அதிலோ, இல்லாவிட்டால் பழைய எவர்சில்வர் தட்டிலோ, இரண்டு விரல் உயரத்துக்குச் செம்மண்ணும் மட்கிய சாணமும் கலந்து பரப்பி, விதையை நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லிய மண் தூவி, ஈரத்துணியால் மூடுங்கள். தட்டின் நான்கு பக்கமும் நீர் இருக்கும்படி அதை ஒரு பெரிய தாம்பாளத்தில் வைக்காவிட்டால் எறும்புகள் ஒரே இரவில் விதையைச் சுமந்துகொண்டு போய்விடும். மூன்றாம் நாள் வெள்ளை முளை தெரிந்ததும் துணியை எடுத்துவிட்டு, காலை வெயில் படும் ஜன்னலில் வையுங்கள். நீரை ஊற்றாமல் கையால் தெளியுங்கள். மார்கழிக் குளிரில் அது மெதுவாகத்தான் வளரும், ஆனாலும் 24-ஆம் தேதிக்குள் இரண்டு மூன்று அங்குலம் வந்துவிடும். பிள்ளைகளிடம் இந்தப் பொறுப்பை ஒப்படையுங்கள். நாள்தோறும் அதைக் குனிந்து பார்க்கிற பிள்ளைக்குக் காத்திருத்தல் என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

மரத்துக்குச் சவுக்குக் கிளை வெட்டி வருகிறவர்கள் 20-ஆம் தேதிக்கு முன் வெட்ட வேண்டாம். ஈர மணல் நிறைத்த வாளியில் நட்டு நாள்தோறும் நீர் விட்டாலும், அது இரண்டு வாரத்துக்குமேல் பச்சையாக நிற்காது. குடிலைக் கடைசி வாரத்தில் ஜோடியுங்கள். தொழுவமும் மாடும் கழுதையும் மரியாளும் யோசேப்பும் முன்னமே இருக்கலாம். குழந்தையின் சொரூபத்தை 24-ஆம் தேதி இரவு ஆராதனைக்குப் போகுமுன், அல்லது நள்ளிரவுத் திருப்பலியிலிருந்து திரும்பியதும், வீட்டின் இளைய பிள்ளை கையால் வைக்கச் சொல்லுங்கள். குழந்தையைக் காண வந்த மூன்று ராஜாக்களின் சொரூபங்களை அன்று குடிலில் வைக்காதீர்கள். அவர்களைக் கூடத்தின் மறுகோடியில், புத்தக அலமாரி மேலோ ஜன்னல் திண்டிலோ வையுங்கள். காரணத்தை அடுத்துச் சொல்கிறேன்.

26-ஆம் தேதி ஏன் இறக்கக் கூடாது

நாம் வாசலில் தொங்கவிடும் ஸ்டார் மேய்ப்பர்களுக்கு உரியதல்ல. மேய்ப்பர்களுக்கு அறிவித்தவர்கள் தேவதூதர்கள். அது லூக்கா எழுதியது. நட்சத்திரம் வருவது மத்தேயு சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தில், கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகளின் வரலாற்றில். கத்தோலிக்க வழக்கில் அவர்கள் ஞானிகள், பேச்சு வழக்கில் மூன்று ராஜாக்கள். அவர்கள் வந்து சேர்ந்தது ஒரு வீட்டுக்கு என்றே மத்தேயு எழுதுகிறார். அவர்கள் வருகையைக் கொண்டாடும் திருநாள் ஜனவரி 6, அதைச் சி.எஸ்.ஐ. சபையார் பிரசன்னத் திருநாள் என்றும் கத்தோலிக்கர்கள் திருக்காட்சிப் பெருவிழா என்றும் அழைக்கிறார்கள். அப்படியானால் டிசம்பர் 26 அன்று ஸ்டாரை இறக்குகிற வீடு, அதைப் பார்த்து நடந்துவருகிறவர்கள் வழியில் இருக்கும்போதே விளக்கை அணைத்துவிடுகிறது. இதை ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியை எனக்குச் சிறுவயதில் சொன்ன நாள் முதல், எங்கள் வீட்டில் ஸ்டார் ஜனவரி 6-க்கு முன் இறங்கியதில்லை.

டிசம்பர் 25 முதல் ஜனவரி 5 வரையிலான பன்னிரண்டு நாட்களும் பண்டிகை நாட்களே என்பது திருச்சபையில் மிகப் பழைய வழக்கு. 567-இல் பிரான்சின் தூர் நகரில் கூடிய சங்கம் அதை உறுதி செய்தது. அந்த நாட்களுக்குள் தனித்தனி நினைவுகளும் உண்டு. டிசம்பர் 26-ஆம் தேதி, திருச்சபையின் முதல் இரத்தசாட்சியான ஸ்தேவானுக்கு உரியது. நம் கத்தோலிக்கப் பெரியவர்கள் அவரை முடியப்பர் என்பார்கள். 27 அருளப்பர் என்னும் யோவானுக்கு. 28 ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகளுக்கு. 31 இரவு நன்றி ஆராதனையும், ஜனவரி 1 காலை புத்தாண்டு ஆராதனையும் வருகின்றன. குடும்பத்துக்கு இதில் ஒரு பெரிய ஆறுதல் இருக்கிறது. வேலூர் மருத்துவமனைகளில் பணிபுரியும் செவிலியர்களில் எத்தனையோ பேருக்கு 25-ஆம் தேதி டியூட்டி வந்துவிடும். படையில் இருக்கும் மகனுக்கு லீவு ஜனவரி 2-இல்தான் கிடைக்கும். ஒரே நாளில் பண்டிகையை முடித்துவிடுகிற வீட்டில் இவர்கள் பிந்தி வந்தவர்களாகி, ஆறிப்போன பலகாரத்தைத் தின்றுவிட்டுப் போவார்கள். பன்னிரண்டு நாளும் கிறிஸ்மஸ்தான் என்று வைத்துக்கொண்டால், 28-ஆம் தேதி வருகிற மகளுக்கும் 2-ஆம் தேதி இறங்குகிற மகனுக்கும் வாசலில் ஸ்டார் எரியும், குடிலில் பச்சை இருக்கும், புதிதாக ஒரு ஈடு அதிரசம் சுடலாம். அதற்காகப் பாகுமாவில் பாதியை எடுத்து வைத்துவிடுங்கள். பலகாரம் முழுவதையும் 25-ஆம் தேதியே தெருவுக்குக் கொடுத்துத் தீர்த்துவிடவும் வேண்டாம். இந்து, முஸ்லிம் அண்டை வீட்டாருக்குத் தட்டு அனுப்புவதை 26, 27 என்று நிதானமாகச் செய்தால், கதவைத் தட்டிக் கையில் கொடுத்துவிட்டு ஓடாமல், உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு வரலாம்.

மூன்று ராஜாக்களை மறுகோடியில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். நாளுக்கு ஒரு அடியாக அவர்களைப் பிள்ளைகள் நகர்த்திக்கொண்டு வரட்டும். திருநாளன்று குடிலை அடையட்டும். முதலில் விதைத்த கேழ்வரகுப் பயிர் அதற்குள் நுனி பழுத்துவிடும் என்பதால், 24-ஆம் தேதியே இரண்டாவது தட்டு விதைத்துவிட்டால் ராஜாக்கள் வரும் நாளில் குடில் மறுபடியும் பச்சையாக இருக்கும்.

முடிவு நாளைக் குறிப்பது

ஜனவரி 6 என்பதே பழைய தேதி. அதைப் பின்பற்றுகிற வீடு அன்று மாலை ஜெபத்துக்குப் பின் ஸ்டாரை இறக்கலாம். கத்தோலிக்கர்களுக்கு 1969-இல் நாட்காட்டி திருத்தப்பட்ட பின், இந்தியாவில் திருக்காட்சிப் பெருவிழா ஜனவரி 2-க்கும் 8-க்கும் இடைப்பட்ட ஞாயிற்றில் கொண்டாடப்படுகிறது. கிறிஸ்து பிறப்புக் காலம் அதற்கு அடுத்து வரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழாவோடு நிறைவடைகிறது. 2027-இல் திருக்காட்சி ஜனவரி 3-ஆம் தேதியும் திருமுழுக்கு 10-ஆம் தேதியும் வருகின்றன. திருக்காட்சி ஜனவரி 7 அல்லது 8-இல் விழும் ஆண்டில் மறுநாள் திங்கட்கிழமையே திருமுழுக்கு விழா; 2029 அப்படிப்பட்ட ஆண்டு. கணக்கிடச் சிரமமாக இருந்தால் கோயிலில் பாருங்கள்: பீடத்துணி வெள்ளையிலிருந்து பச்சைக்கு மாறிவிட்டால் காலம் முடிந்துவிட்டது.

சில பழைய குடும்பங்கள் குடிலை மட்டும் பிப்ரவரி 2 வரை வைத்திருப்பார்கள். குழந்தையைத் தேவாலயத்தில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த நாற்பதாம் நாள் அது. டிசம்பர் 25 முதல் எண்ணினால் சரியாக வரும். அது சோம்பலால் விட்டுவைப்பதாக இல்லாமல், அன்று ஒரு ஜெபத்தோடு எடுப்பதாக இருந்தால் அழகான வழக்கம். அதற்கும் பிந்தி எதுவும் தொங்கக் கூடாது. லெந்து தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி 4-ஆம் தேதியே கூட வரக்கூடும். 2027-இல் அது பிப்ரவரி 10. லெந்து நாளில் வாசலில் ஸ்டார் தொங்குவது பார்ப்பவருக்கும் பொருந்தாது, வீட்டாருக்கும் பொருந்தாது.

வீட்டில் இரண்டு நாட்காட்டிகள் இருந்தால் பிந்தின தேதியை எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் அனுபவம். எங்கள் வீட்டில் ஸ்டார் ஜனவரி 6 மாலை இறங்கும்; குடில் என் மனைவியின் வழக்கப்படி திருமுழுக்கு ஞாயிறு வரை இருக்கும். முதல் இரண்டு ஆண்டு இதற்காக எங்களுக்குள் மனத்தாங்கல் வந்ததுண்டு. ஆகமனத்தின் முதல் வர்த்தியை ஏற்றும் ஞாயிற்றிலேயே இரண்டு தேதிகளையும் நாட்காட்டியில் எழுதிவிடத் தொடங்கிய பிறகு அது வரவில்லை.

சாவு நடந்த வீடு

அந்த ஆண்டில் இறப்பு நடந்த வீட்டில் ஸ்டார் ஏற்றுவதில்லை, பலகாரம் சுடுவதில்லை என்பது இங்கே பரவலான வழக்கம். இது திருச்சபைச் சட்டம் அல்ல, உறவுமுறையின் மரியாதை. கட்டாயம் இப்படித்தான் என்று எந்த வீட்டையும் யாரும் வற்புறுத்தக் கூடாது, ஏற்றினால் குறை பேசவும் கூடாது. என் தந்தை அக்டோபரில் இறந்த ஆண்டு, அவர் கட்டிய மூங்கில் ஸ்டார் பரண்மேல் இருந்தது. அம்மா அதை எடுக்க வேண்டாம் என்றார்கள். டிசம்பர் முழுதும் எங்கள் வாசல் மட்டும் இருட்டாக இருந்தது. கேரல்ஸ் வந்தவர்கள் டிரம் அடிக்காமல், ஒரே ஒரு பாட்டை மெதுவாகப் பாடி ஜெபித்துவிட்டுப் போனார்கள். ஜனவரி 6 அன்று அம்மாவே ஒரு ஸ்டூலைப் போட்டு, அந்த ஸ்டாரை இறக்கித் துடைத்து, ஒரே ஒரு மாலை மட்டும் எரியட்டும் என்று கட்டச் சொன்னார்கள். துக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு இதை ஒரு வழியாகச் சொல்லலாம்: தொடங்கும் நாளில் மனம் ஒப்பவில்லையென்றால் நிறைவு நாளில் ஒரு விளக்கு வைக்கலாம். அக்கம்பக்கத்தார் செய்ய வேண்டியது, கேட்டுக்கொண்டிராமல் சாப்பாடும் பலகாரமும் கொண்டுபோய்க் கொடுப்பது. 25-ஆம் தேதி காலை ஆராதனைக்கு அந்த வீட்டுப் பெரியவரைக் கூட அழைத்துப் போவது.

இறக்கி எடுத்து வைப்பது

எல்லாரும் வீட்டில் இருக்கும் மாலையைத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் மட்டும் பகலில் தனியாகக் கழற்றினால் அது வெறும் ஒட்டடை அடிக்கும் வேலையாகிவிடும். விளக்கை ஏற்றி, ராஜாக்களின் வரலாற்றை வாசித்து, ஜெபித்தபின் ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே ஸ்டாரில் கை வையுங்கள். மழையில் நனைந்த ஸ்டாரை ஒரு நாள் நிழலில் உலர்த்தி, மென்மையான தூரிகையால் தூசி தட்டி, மடிப்பு வழியே மடித்து அட்டைப்பெட்டியில் வையுங்கள். சூடான பரணில் பிளாஸ்டிக் ஸ்டார் நொறுங்கிப்போகும் என்பதால் அதை பீரோவுக்கு மேலே வைப்பது நல்லது. சீரியல் லைட்டைச் சுருட்டிப் பைக்குள் திணிக்காமல், ஒரு அட்டைத் துண்டின் இரு பக்கமும் வெட்டுக் கொடுத்து அதில் சுற்றுங்கள். எரியாத சரத்தை அன்றே தனியே எடுத்துவிடுங்கள், அடுத்த நவம்பரில் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மண் சொரூபங்களைத் தனித்தனியாகப் பழைய பருத்தித் துணியில் சுற்றி, குழந்தையின் சொரூபத்தை மட்டும் ஒரு சிறு டப்பாவில் போட்டு அதன்மேல் பெயர் எழுதுங்கள். ஆண்டுதோறும் தொலைவது அதுதான். பெட்டிக்குள் உலர்ந்த வேப்பிலை போட்டால் பூச்சி வராது. காய்ந்த சவுக்குக் கிளை தீப்பற்றக் காத்திருக்கும் பொருள். அதை அன்றிரவே வீட்டுக்கு வெளியே எடுத்துவிடுங்கள்.

இதே மாலையில் ஒரு நோட்டில் அந்த ஆண்டின் செலவை எழுதிவிட வேண்டும்: துணி, தையல், பலகாரச் சாமான், கேக், காணிக்கை, பயணம். மொத்தத்தைப் பதினொன்றால் வகுத்து, பிப்ரவரி முதல் டிசம்பர் வரை மாதாமாதம் அஞ்சலகத்திலோ வங்கியிலோ போட்டுவந்தால் டிசம்பரில் கடன் வாங்க வேண்டிவராது. பண்டிகைச் சீட்டு என்று தெருவில் வந்து கேட்பவர்களிடம் போடாதீர்கள். எங்கள் பணம் ஒரு முறை அப்படிப் போனது, சீட்டு நடத்தியவர் நவம்பரில் ஊரைவிட்டே போய்விட்டார்.

கடைசியாக எடுக்க வேண்டியது கேழ்வரகுத் தட்டு. அதைக் குப்பையில் கொட்டாமல், பக்கத்தில் மாடு வைத்திருக்கிற வீட்டுக்குத் தட்டோடு கொடுத்துவிடுங்கள். எங்கள் தெருக்கோடி வீட்டம்மாவுக்கு ஒவ்வொரு ஆண்டும் கொடுக்கிறோம். குடிலில் இருந்த பயிர் என்று தெரிந்து, அவர்கள் கன்றுக்குட்டிக்கு மட்டும் போடுவார்கள். வெறுந்தட்டைத் திருப்புகிற பழக்கம் இந்தப் பக்கம் இல்லை. மாட்டுப் பொங்கலன்று அந்தத் தட்டு கழுவித் துடைக்கப்பட்டு, சர்க்கரைப் பொங்கலோடும் ஒரு துண்டுக் கரும்போடும் எங்கள் வாசலுக்கு வந்துவிடும்.